நிலையம் மாறும் முகங்கள்

‘ஆகாசவாணி. செய்திகள். வாசிப்பது...’ என்று தொடங்கி ஒரு பெயரில் முடியும் அறிவிப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அந்த அறிவிப்பின் சொல்லடைவைச் சற்று ஊன்றி நோக்குதல் தகும். முதலில் வருவது நிலையம். அடுத்து வருவது செய்தி. அதன்பின் வாசித்தல் என்னும் தொழில். இத்தனையும் வந்து முடிந்தபின்னரே ஆளின் பெயர் வருகின்றது. அதுவும் ‘வாசிப்பவர்’ என்றுகூடச் சொல்லாமல் ‘வாசிப்பது’ என்று, செயலை முன்னிறுத்தியே சொல்லப்பட்டது. வீணையையும் நாகசுரத்தையும் ‘வாசிக்கின்றோம்’ என்று சொல்லும் மொழி நம்முடையது. பிறர் எழுதிய செய்தியைத் தம் குரலால் இசைத்துக் காட்டுபவர் என்பதே அக்காலத்து வாசிப்பாளரைப் பற்றிய எண்ணம்.

1947 ஆகஸ்ட் 15 அன்று தில்லி வானொலியில் விடுதலைச் செய்தியைத் தமிழில் வாசித்த பூர்ணம் விசுவநாதனைப் பிற்காலத் தலைமுறை நடிகராகவே அறிந்தது. ‘இவரா அன்று வாசித்தவர்?’ என்று வியந்தவர் பலர். செய்தி நினைவில் நின்றது. வாசித்தவர் அதற்குள் மறைந்திருந்தார். தில்லியிலிருந்து பல்லாண்டுகள் தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமி 2022 ஆகஸ்டில் மறைந்தபோது, அவர் குரலை நன்கறிந்த எத்தனையோ பேர் அன்றுதான் முதன்முறையாக அவரது புகைப்படத்தைப் பார்த்தனர். வானொலிக்கு முகம் தேவைப்படவில்லை.

தொலைக்காட்சி வந்தபோது முகமும் வந்தது. செய்தி வாசிப்போர் ஒரு நிலையத்தை விட்டு மற்றொரு நிலையத்துக்குச் செல்வதும், அவர்களைப் பின்தொடர்ந்து பார்வையாளரும் இடம்பெயர்வதும் அதன்பின் உண்டான வழக்கம். ‘அவர் இந்தத் தொலைக்காட்சியை விட்டுவிட்டாராமே, இப்போது எதில் வருகிறார்?’ என்ற கேள்வி நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. இம்மாற்றங்களைப் பற்றி நாளேடுகளும் வார இதழ்களும் எழுதுவன பெரும்பாலும் ஊதியம், பூசல், வதந்தி என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. முகங்கள் இவ்வளவு எளிதாகப் பெயரும்போது, அவற்றின்மேல் மக்கள் வைத்த நம்பிக்கை எங்கே போகின்றது? பின்னால் நின்ற நிலையத்துக்கு அதில் ஏதேனும் மிஞ்சியதா? பொதுமக்கள் பணத்தில் நடக்கும் தூர்தர்ஷனைப் பொறுத்தவரை இக்கேள்வி இன்னும் கூர்மையானது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பெற்றது. அந்த நாளைக் கவனிக்க வேண்டும். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு இரண்டு மாதங்கள்கூட நிறைவடையவில்லை. பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டிருந்த காலம். ஒரு குழந்தை எந்தச் சூழலில் பிறந்ததோ அதன் சாயல் அதற்கு நெடுநாள் ஒட்டியிருக்கும் என்பர். சென்னை நிலையத்துக்கு அது முற்றிலும் பொருந்தியது. அமைச்சர் அடிக்கல் நாட்டியதும், அமைச்சர் திறந்து வைத்ததும், அமைச்சர் மலர்வளையம் வைத்ததுமே செய்தி என்ற எண்ணம் அங்கே வேரூன்றிவிட்டது. நெருக்கடி நிலை நீங்கியபின், வானொலியும் தொலைக்காட்சியும் அரசின் நேரடிப் பிடியிலிருந்து விடுபட்டுத் தன்னாட்சி பெற்ற ஓர் அறக்கட்டளையாக வேண்டும் என்று வர்கீஸ் குழு 1978-இல் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை அலமாரிக்குள் போயிற்று.

பின்னர் பி. சி. ஜோஷி தலைமையிலான குழு தூர்தர்ஷன் நிகழ்ச்சிகளை ஆராய்ந்து அளித்த அறிக்கை 1985-இல் நூலாக வெளிவந்தது. அதற்கு இடப்பட்ட தலைப்பு ‘தொலைக்காட்சிக்கு ஓர் இந்திய ஆளுமை’ என்னும் பொருள்பட அமைந்தது. இத்தலைப்பை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகின்றது. ஆளுமை என்ற சொல்லை இன்று நாம் தொலைக்காட்சியில் தோன்றும் மனிதருக்கே வழங்குகின்றோம். அக்குழுவோ அதை நிலையத்துக்கு வேண்டியது. அமைச்சர்களையும் தலைநகரையுமே சுற்றிவராமல், உழவரும் தொழிலாளரும் பெண்களும் தம்மைக் காணக்கூடிய ஒரு தொலைக்காட்சி. தனக்கென ஒரு நோக்கும் குரலும் உடைய தொலைக்காட்சி. அது கிட்டியிருந்தால், எந்த முகம் வந்தாலும் போனாலும் நிலையம் நிலையமாகவே இருந்திருக்கும். கிட்டவில்லை என்பதே நம் கதை.

நிலையத்துக்கு ஆளுமை இல்லாதபோது மக்கள் தம் பற்றை எங்கேனும் வைக்க வேண்டுமல்லவா? முகத்தின்மேல் வைத்தனர். சென்னைத் தூர்தர்ஷனில் ஷோபனா ரவியும் வரதராஜனும் செய்தி வாசித்த ஆண்டுகளை நினைவுகூர்வோர் இன்றும் கனிவோடு நினைவுகூர்கின்றனர். அவர்கள் வாசித்த செய்தி எதையும் நினைவுகூர்வதில்லை. ஷோபனா ரவியின் தெளிந்த உச்சரிப்பும், மிகைபடாத தோற்றமும், செய்தியின் தன்மைக்கேற்ப அடங்கி ஒலித்த குரலும் பேசப்பட்டன. மேடை நாடகக் கலைஞருமான வரதராஜனிடம் சொல்லைச் சிதைக்காத நாடகப் பயிற்சி இருந்தது. ஆயினும் செய்தி மேசையில் அவர் நாடகம் ஆடியதில்லை. லகர, ளகர, ழகர வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பிய தமிழாசிரியர்கள் ‘செய்தியைக் கேள்’ என்று சொல்லி அனுப்பக்கூடிய நிலை அன்று இருந்தது. செய்தியை முழுவதும் நம்பாதவர்கூட வாசித்தவரை நம்பினார். அரசின் குரல் என்று அறிந்தே கேட்டோம்; அந்தக் குரலுக்கு உடைமையாளர் அவரல்லர் என்பதையும் அறிந்திருந்தோம்.

இவர்களை நிலையம் எவ்வாறு நடத்தியது? குரல் தேர்வும் முகத் தேர்வும் வைத்துத் தெரிந்தெடுத்த ஒரு பட்டியலிலிருந்து, மாதத்தில் சில நாள்கள் என்ற கணக்கில், செய்தியறிக்கைக்கு இவ்வளவு என்ற ஊதியத்தில் அழைக்கும் முறையே பெரிதும் இருந்தது. ‘கேஷுவல்’ என்பது அலுவலக வழக்கு. பலர் வேறு வேலையில் இருந்துகொண்டு மாலையில் வந்து வாசித்துச் சென்றனர். இம்முறைக்கும் ஒரு நியாயம் உண்டு. எவரும் நிலையத்தின் நட்சத்திரமாகிவிடக் கூடாது, செய்தியே பெரிது. ஆனால் செய்தியைப் பெரிதாக்கும் துணிவு நிலையத்துக்கு இல்லாதபோது அந்த நியாயம் பொருளிழந்தது. ஆளையும் உயர்த்தவில்லை, செய்தியையும் உயர்த்தவில்லை. நாடே அறிந்த முகத்துக்கும் நிலையத்துக்கும் இடையே இருந்த பிணைப்பு, அடுத்த மாதப் பட்டியலில் பெயர் இருக்குமா என்ற அளவில் நின்றது. இவர்களில் எவரேனும் வெளியே சென்றால் அதை ‘விலகல்’ என்றுகூடச் சொல்ல முடியாது. விலகுவதற்கு முதலில் இருந்திருக்க வேண்டும்.

1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தோன்றியது. இந்திய மண்ணிலிருந்து செயற்கைக்கோளுக்கு அலை ஏற்றும் உரிமை தனியாருக்கு இல்லாத காலம் அது. ஒளிநாடாக்கள் கடல்கடந்து சென்று வானத்தின் வழியே திரும்பி வந்தன. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அலைகள் பொதுச்சொத்து, அவை அரசின் ஏகபோகம் ஆகா என்று தீர்ப்பளித்தது. கிரிக்கெட் ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமை குறித்த வழக்கில் இத்துணைப் பெரிய தீர்ப்பு பிறந்தது நம் நாட்டுக்கே உரிய விந்தை. அலைகள் அரசுக்கும் சொந்தமல்ல, வணிகருக்கும் சொந்தமல்ல, மக்களுக்கே சொந்தம் என்பதே அத்தீர்ப்பின் சாரம். நடைமுறையில் அதன் முதற்பாதியை மட்டும் கேட்டோம். இரண்டாம் பாதியைக் கேட்க ஒருவரும் நிற்கவில்லை.

தூர்தர்ஷன் தன் கையாலேயே தன் போட்டியாளரை வளர்த்த கதை தில்லியில் இன்னும் தெளிவாக நடந்தது. பிரணாய் ராய் 1988 முதல் ‘தி வேர்ல்ட் திஸ் வீக்’ நிகழ்ச்சியை வழங்கியது தூர்தர்ஷனில்தான். ‘ஆஜ் தக்’ என்பது 1995-இல் தூர்தர்ஷனின் மெட்ரோ அலைவரிசையில் இருபது நிமிடச் செய்தியறிக்கையாகப் பிறந்தது. 2000 டிசம்பர் 31 அன்று இருபத்துநான்கு மணிநேரத் தனியார் அலைவரிசையாயிற்று. மக்கள் பணத்தில் எழுப்பிய கோபுரங்களின் வழியே அம்முகங்கள் நாடெங்கும் அறிமுகமாயின. அறிமுகமான பின் அவற்றின் விலை உயர்ந்தது. உயர்ந்த விலையைக் கொடுக்கும் மனமோ, விலையின்றியே அவர்களை நிறுத்திவைக்கக்கூடிய சுதந்திரத்தைக் கொடுக்கும் மனமோ அரசுக்கு இருந்ததில்லை. இவ்விரண்டில் பின்னதே முதன்மையானது என்பேன். நல்ல செய்தியாளர் ஊதியத்துக்காக மட்டும் இடம் மாறுவதில்லை.

முகத்தையே நிலையத்தின் முதலீடாகக் கொண்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்க உள்ளூர் நிலையங்கள் சான்று. அங்கே ஒவ்வொரு நகரிலும் மூன்று நான்கு நிலையங்கள் மாலைச் செய்திக்காகப் போட்டியிடும். அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஃபிராங்க் மேகிட் போன்ற ஆலோசகர்கள், எந்த முகத்தை மக்கள் விரும்புகின்றனர் என்று கணக்கெடுத்து நிலையங்களுக்குச் சொல்வதையே தொழிலாக்கினர். கான்சஸ் நகரில் கிறிஸ்டின் கிராஃப்ட் என்ற செய்தி வாசிப்பாளர் 1981-இல் மேசையிலிருந்து அகற்றப்பட்டார். வயது கூடியவர், போதிய அழகில்லாதவர், ஆண்களுக்கு விட்டுக்கொடுக்காதவர் என்று பார்வையாளர் கருதுவதாகத் தம்மிடம் சொல்லப்பட்டது என்று அவர் வழக்குத் தொடுத்தார். அப்போது அவர் வயது முப்பத்தாறு! 1983-இல் நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டில் 1985-இல் அது தள்ளுபடியாயிற்று. அங்கே இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒப்பந்தம் முடிந்து விலகிய வாசிப்பாளர் குறிப்பிட்ட காலம் வரை அதே நகரில் வேறு நிலையத்தில் தோன்றக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்வர். மாசசூசெட்ஸ் மாநிலம் 1998-இல் ஒலி, ஒளிபரப்புப் பணியாளருக்கு இத்தடையை நீக்கிச் சட்டம் இயற்றியது. மனிதரின் முகத்தை அவர் அணிய முடியாத சட்டை போல நிலையம் பெட்டியில் பூட்டிவைக்கலாம் என்ற அளவுக்குப் போனபின்னரே சட்டம் குறுக்கிட வேண்டியிருந்தது.

தமிழகத்தில் நிகழ்ந்தது வேறு வகை. இங்கே நிலையங்களின் பின்னால் நின்றவை கட்சிகள். சன், ஜெயா, 2006-இல் மக்கள், 2007-இல் கலைஞர், பின்னர் கேப்டன் என்று, கொடிமரம் நடுவது போலக் கட்சிகளோ அவற்றைச் சார்ந்தோரோ தொலைக்காட்சி நட்டனர். ஆகவே வாசிப்பாளர் ஒருவர் நிலையம் மாறினால் அதைக் கட்சி மாறுதலாகவே பார்வையாளர் படித்தனர். அது எப்போதும் தவறான வாசிப்பும் அன்று. தூர்தர்ஷனில் அறிமுகமான பாத்திமா பாபு ஜெயா தொலைக்காட்சியிலும் செய்தி வாசித்தார்; பின்னர் அ.தி.மு.க.வில் இணைந்தார். சன் தொலைக்காட்சியில் நீட்டி ஒலித்த ‘வணக்கம்’ ஒன்றாலேயே வீடுதோறும் அறியப்பட்ட நிர்மலா பெரியசாமியும் பிற்காலத்தில் அதே கட்சியில் சேர்ந்தார். குடிமக்களாக அவர்களுக்கு அந்த உரிமை முழுமையாக உண்டு. குறை காண்பது என் நோக்கமன்று. வாசிப்பாளருக்குப் பின்னால் நின்ற நிலையங்களே கட்சி மேடைகளாக இருந்தபோது, வாசிப்பாளர் மட்டும் மேடையேறக் கூடாது என்று சொல்ல எவருக்கு வாயுண்டு?

அந்த நீண்ட வணக்கத்தைப் பற்றி ஒரு சொல். பலகுரல் கலைஞர் எல்லாரும் அதை எடுத்தாண்டு சிரிக்க வைத்தனர். நானும் சிரித்திருக்கிறேன். ஆயினும் திறனாய்வாளன் அதில் ஒரு திருப்பத்தைக் காண வேண்டும். தூர்தர்ஷனின் வணக்கம் செய்திக்குள் நுழையும் வாசற்படி, தாண்டியதும் மறந்துவிடும். இந்த வணக்கமோ கையெழுத்து. ‘வாசிப்பது’ என்று கடைசியில் வந்த பெயர் இப்போது முதற்சொல்லிலேயே ஒலித்துவிட்டது. அதே வாசிப்பாளர் 2011-இல் ஜீ தமிழின் ‘சொல்வதெல்லாம் உண்மை’ நிகழ்ச்சியில் அமர்ந்தபோது அத்திருப்பம் முழுமையுற்றது. ஏழை எளியோரின் குடும்பப் பூசல்கள் ஒளிப்பதிவுக் கருவியின் முன் அவிழ்த்துப் போடப்பட்டன. செய்தி வாசித்து ஈட்டிய நம்பகம், அப்பூசல்களை விசாரிக்கும் நாற்காலிக்கு முன்பணமாயிற்று. பின்னர் வேறொருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தார்; 2018-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது. செய்திக்கு ஈட்டிய நம்பிக்கையைச் செய்தியல்லாத ஒன்றுக்குச் செலவழிக்கலாம் என்று கண்டுகொண்டதே அந்நிகழ்ச்சியின் ‘புதுமை’.

பொதுவான ஒரு செய்தியறிக்கை இல்லாமற்போனதன் விலையை 2001 ஜூன் 30 விடியலில் தமிழகம் கொடுத்தது. முன்னாள் முதல்வர் கருணாநிதி நள்ளிரவு கடந்து கைது செய்யப்பட்ட காட்சிகளைச் சன் தொலைக்காட்சி மீண்டும் மீண்டும் காட்டியது. அதே நிகழ்வை வேறு கோணத்தில், வேறு குற்றவாளிகளோடு, ஜெயா தொலைக்காட்சி காட்டியது. ஒரே இரவு; இரண்டு படங்கள். வீடுகளைச் சந்திக்கச் செல்லும் என் போன்றோர் இதைப் பின்னும் பலமுறை கண்டிருக்கிறோம்: ஒரே தெருவில், அடுத்தடுத்த இரு வீடுகளில், ஒரே நாளைப் பற்றிய இரு வேறு செய்திகள், இரு வீட்டாரும் ‘நாங்களே கண்ணால் பார்த்தோம்’ என்று சாதிப்பர். கண்ணால் பார்த்ததும் பொய்யாகக்கூடிய காலத்தில், ‘அப்படியா, பொதுத் தொலைக்காட்சி என்ன சொல்கிறது பார்ப்போம்’ என்று சொல்லிக்கொள்ள மூன்றாவது இடம் ஒன்று வேண்டும். அந்த இடத்தைச் சட்டம் நமக்கு எழுதியே கொடுத்திருக்கின்றது. 1990-இல் நிறைவேறி 1997-இல்தான் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதி சட்டம், பொதுநலன் சார்ந்த அனைத்தையும் தடையின்றியும் உண்மையாகவும் நடுநிலையோடும் அறிந்துகொள்ளும் குடிமக்களின் உரிமையைக் காப்பதை அந்நிறுவனத்தின் நோக்கங்களுள் ஒன்றாகச் சொல்கின்றது. கல்வி, வேளாண்மை, ஊரக வளர்ச்சி, நலவாழ்வு ஆகியவற்றுக்குத் தனிக்கவனம் வேண்டும் என்றும் சொல்கின்றது. சட்டம் தன்னாட்சி தந்தது. பணப்பையின் முடிச்சு தில்லியிலேயே இருந்தது. எந்தக் கட்சி அங்கே ஆண்டபோதும் அம்முடிச்சைத் தளர்த்தியதில்லை என்பதால், இதில் ஒரு கட்சியை மட்டும் நோவதற்கில்லை.

2011-இல் புதிய தலைமுறை, 2012-இல் தந்தி, 2014-இல் நியூஸ் 7, 2016-இல் நியூஸ்18 தமிழ்நாடு என்று கட்சிக்கொடி வெளிப்படையாகப் பறக்காத செய்தி அலைவரிசைகள் வந்தபோது ஒரு நம்பிக்கை துளிர்த்தது. வாசிப்பாளர் பின்னுக்குப் போய் நெறியாளர் முன்னுக்கு வந்தார். நால்வரை அமர்த்தி வாதிட வைக்கும் நெறியாளருக்கு எழுதிக்கொடுத்த செய்தி இல்லை; அவருடைய கேள்வியே செய்தி. ஆகவே அவர் நிலையத்தைவிடப் பெரியவராவது தவிர்க்க முடியாததாயிற்று. ரங்கராஜ் பாண்டே 2018 டிசம்பரில் தந்தியை விட்டு விலகினார். அடுத்த ஆண்டே இணையத்தில் தமக்கென ‘சாணக்யா’ என்ற தளம் கண்டார். குணசேகரன் புதிய தலைமுறையிலிருந்து நியூஸ்18-க்குச் சென்று, 2020-இல் அதிலிருந்தும் விலகி, பின்னர் சன் நியூஸின் பொறுப்பேற்றார். வடக்கே 2022 நவம்பரின் இறுதியில் ரவீஷ் குமார் என்.டி.டி.வி.யை விட்டு வெளியேறி இணையத்தையே மேடையாக்கிக்கொண்டார். இவர்கள் ஒருவரோடொருவர் கருத்தில் எவ்வகையிலும் ஒத்தவரல்லர். ஒத்திருப்பது ஒன்றே. நிலையத்தை விட்டபின்னும் பார்வையாளர் அவர்களோடு போயினர். விட்ட நிலையத்தில் மறுநாள் வேறொருவர் அதே நாற்காலியில் அமர்ந்தார். நாற்காலி மட்டுமே அங்கிருந்தது.

எனக்கு இதில் மகிழ்ச்சியும் உண்டு. மனசாட்சி இடம் கொடாத இடத்தில் ஒருவர் தங்கியிருக்கத் தேவையில்லாத காலம் வந்திருப்பது நல்லதே. முன்பு அத்தகையோர் வாய்மூடிப் பிழைக்க வேண்டும்; அன்றேல் பெயர் மறைந்து போக வேண்டும். ஆனால் தனி மனிதரைப் பின்தொடரும் பார்வையாளர், தமக்கு உவப்பானதையே மேன்மேலும் கேட்கும் நிலைக்கு ஆளாகின்றனர். ஒரு நிலையத்தில் பிடித்தவரும் பிடிக்காதவரும் அடுத்தடுத்து வருவர்; பிடித்தவருக்காக அமர்ந்தவர் பிடிக்காதவரையும் சிறிது கேட்டுத்தான் எழுவார். தனித்தளத்தில் அந்தத் தற்செயல் இல்லை.

அந்தத் தற்செயலின் அருமையை அறிய வேண்டுமானால் பழைய சென்னைத் தொலைக்காட்சியின் நிகழ்ச்சி நிரலையே நினைத்துப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ காண்பதற்காக ஊரே ஒரு வீட்டில் கூடும். அதற்கு முன்னும் பின்னும் வருவனவற்றையும் வேறு வழியின்றிப் பார்க்கும். நகரத்துப் பிள்ளைகளுக்கு ‘வயலும் வாழ்வும்’ ஒரு கேலிப்பொருள். நெற்பயிரில் குருத்துப்பூச்சி பற்றியும், உரம் இடும் அளவு பற்றியும் வேளாண் அலுவலர் ஒருவர் இறுகிய முகத்தோடு விளக்கிக்கொண்டிருப்பார். அவருக்குத் தொலைக்காட்சி முகம் கிடையாது. எந்த நிலையமும் அவரை விலை பேசிக் கொண்டுபோகாது. உழவருக்கோ, பக்கத்து ஊர் உழவர் ஒருவர் தம் வயலில் நின்று தம் பேச்சிலேயே பேசுவதைக் காணும் ஒரே வாயில் அது. செவித்திறன் குன்றியோருக்கென வாரந்தோறும் கைம்மொழியில் செய்தி சொன்னதும் தூர்தர்ஷனே. அதற்கு விளம்பரதாரர் எவரும் வரிசையில் நின்றதில்லை. வானொலியும் இப்படித்தான். இலங்கை வானொலியில் வளர்ந்த பி. எச். அப்துல் ஹமீதின் குரலும் ‘பாட்டுக்குப் பாட்டு’ என்னும் நிகழ்ச்சியும் கடல்கடந்து சன் தொலைக்காட்சிக்கு வந்து பெரும்புகழ் பெற்றன. பொதுத்துறை வானொலியில் பிறந்தவற்றுள் விற்கக்கூடியதைச் சந்தை எடுத்துக்கொண்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கேட்ட நாமும் மகிழ்ந்தோம். அதே வானொலியின் மற்ற அரிய நிகழ்ச்சிகளைக் கேட்டுக் கப்பலேற்ற எவரும் வரவில்லை.

விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். மக்கள் தொலைக்காட்சி, கட்சி சார்ந்த நிலையமாயினும், திரைப்படத்தை நம்பாமல் நல்ல தமிழை நம்பித் தொடங்கியது. ‘மலரும் பூமி’ என்று உழவருக்கென நிகழ்ச்சி நடத்தியது. அங்கே வாசித்தவர் பெயர் பலருக்கு நினைவிராது. நிலையத்தின் குணம் நினைவிருக்கின்றது. ஜோஷி குழு கேட்ட ‘ஆளுமை’யின் ஒரு சிறு கீற்று, யாரும் எதிர்பாராத இடத்தில், பொதுப்பணம் ஒரு காசும் இல்லாமல் தோன்றியது. பொதுப்பணத்தில் நடக்கும் நிலையத்தை இதைக் காட்டிக் கேட்கலாம்.

தூர்தர்ஷன் தன் சொத்துகளை எவ்வாறு எண்ணுகின்றது என்பது வேறொரு வேடிக்கை. 323 மீட்டர் உயரமுள்ள இராமேசுவரம் கோபுரம் நாட்டின் மிக உயர்ந்த தொலைக்காட்சிக் கோபுரம். கடலுக்கு அப்பாலும் நம் அலை எட்ட வேண்டும் என்ற வேகத்தில் எழுந்தது அது. தென்கடற்கரை ஊர்களிலோ அதற்கு முன்பே, வீட்டு மாடியில் உயர்ந்த குழாய் நட்டு, இலங்கையின் ரூபவாகினியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். புயல் காலத்தில் அந்தக் குழாய் யார் வீட்டுக் கூரைமேல் விழும் என்பது தனிக் கவலை. உயரத்தில் ஒருவரையொருவர் வெல்லப் பார்த்த இரு பொதுத்துறை நிலையங்களும், கோபுரத்தின் அடியில் வாழ்ந்த மீனவரின் செய்தியை எவ்வளவு சொல்லின என்பதை அந்த மீனவரே சொல்ல வேண்டும். தரைவழி அனலாக் ஒளிபரப்பு 2022-க்குள் நாடெங்கும் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டது. கூரைமேல் குழாய் நட்டால் காசின்றிக் கிடைத்த பொதுத் தொலைக்காட்சிக்கு, இப்போது தட்டோ கேபிளோ வேண்டும். இம்மாற்றம் ஒரு புகழ்பெற்ற நெறியாளர் நிலையம் மாறியதில் நூறில் ஒரு பங்கு விவாதத்தையும் எழுப்பவில்லை.

சென்னை நிலையத்தின் தமிழ் அலைவரிசை நெடுங்காலம் ‘பொதிகை’ என்ற பெயரைத் தாங்கியிருந்தது. 2024 ஜனவரி 19 அன்று அது புதுப்பொலிவோடு ‘டிடி தமிழ்’ ஆயிற்று. பிரதமர் சென்னைக்கு வந்து தொடங்கிவைத்தார். தமிழ் பிறந்ததாகத் தொன்மம் சொல்லும் மலையின் பெயரை நீக்கி இரண்டு ஆங்கில எழுத்துகளின் ஒலியை முன்னே ஒட்டியது பலருக்கு உவப்பாயில்லை. எனக்கும் இல்லை. ஆயினும் பெயரைப் பற்றி நான் நெடுநேரம் சண்டையிட மாட்டேன். புதிய அரங்கமும் புதிய வண்ணமும் புதிய முகங்களும் தேவையே. பழைய நிலையத்தின் தூசி படிந்த திரைச்சீலைகளை எண்ணி எவரும் ஏங்கவில்லை. தேவையான பட்டியலில் எவரும் சேர்க்காத ஒன்றையே கேட்க விரும்புகிறேன்.

அந்நாளில் ‘எதிரொலி’ என்றொரு நிகழ்ச்சி வந்தது. பார்வையாளர் எழுதிய கடிதங்களை நிலையத்தார் திரையில் எடுத்துப் படித்து மறுமொழி சொல்வர். பாராட்டும் வரும்; திட்டும் வரும். ‘சென்ற வாரப் படத்தில் பாதியில் ஏன் தடங்கல்?’ என்று ஒருவர் கேட்டிருப்பார். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டையை ஆண்டு முழுவதும் காட்டிய நிலையம், அந்த அரைமணியில் மட்டும், எதற்காக வருந்துகிறோம் என்று ஓர் எளியவருக்குப் பெயர் சொல்லி விளக்கியது. மறுமொழிகள் பலவும் அலுவலகத்தனமாகவே இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் அஞ்சலட்டையில் எழுதிய ஒரு சிற்றூர்க்காரரின் பெயரை அந்நிகழ்ச்சியில் முழுமையாக, ஊரோடு சேர்த்து, முதலில் வாசித்தனர். மறுமொழி சொன்னவரின் பெயர் பின்னரே வந்தது. டிடி தமிழின் செய்திப் பிரிவு வாரத்துக்கு அரைமணி ஒதுக்கி, அந்த வாரம் தான் சொன்ன செய்திகளைப் பற்றியும் சொல்லாமல் விட்ட செய்திகளைப் பற்றியும் அத்தகைய கடிதங்களை வாசிக்கட்டும். யார் வாசித்தாலும் சரி.